ஓசியில் ஒரு முகவரி

ஆம்பூரில் தைத்த ஷூ ஒன்றைக் கையில் எடுத்துப் புரட்டிப் பாருங்கள். அடியில் ஐரோப்பிய நிறுவனம் ஒன்றின் முத்திரை இருக்கும். நாக்கின் உட்புறம் அளவு எண். அதற்கும் கீழே பொடி எழுத்தில், இந்தியாவில் தயாரானது என்று ஒரு வரி. ஆம்பூர் இருக்காது. பேரணாம்பட்டு இருக்காது. வாணியம்பாடி, மேல்விஷாரம், ராணிப்பேட்டை எதுவுமே இருக்காது. பச்சைத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்பிட்டு, மயிர் நீக்கி, குரோமில் உருட்டி, ஈரமான நீலத் தோலாக, அதாவது வெட்-புளூவாக எடுத்து, சாயமேற்றி, வெட்டி, ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைத்து, சோல் ஒட்டிப் பெட்டியில் வைக்கிற பாலாற்றுப் படுகை ஊர்கள் அத்தனையும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடுகின்றன.

இதில் இங்கே யாருக்கும் மனக்குறை இருப்பதாகத் தெரியவில்லை. பெயர் போடாமல் பிழைப்பது இந்தப் பகுதியில் ஒரு தொழில்முறை. ஜாப் ஒர்க் என்பார்கள். வெளிநாட்டு பிராண்டுக்காக ஏற்றுமதி கம்பெனி செய்கிறது. அந்தக் கம்பெனிக்காகச் சின்ன யூனிட் ஒன்று அப்பர் தைக்கிறது. அந்த யூனிட்டுக்காக, தெருவோரத்து வீட்டுத் திண்ணையில் ஒரு பெண் மொக்காசின் வகைக்குக் கையால் நூல் கோக்கிறார், ஜோடிக்கு இவ்வளவு என்ற கணக்கில். ஒவ்வொரு படியிலும் வேலை கீழே இறங்குகிறது. பெயர் மேலேயே நின்றுவிடுகிறது.

இந்த வழக்கத்துக்குள் ஒரு வலைத்தளம் நுழைந்தால் என்ன நடக்கும் என்று கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். யோசனைக்குக் காரணம் ஆம்பூரில் இருக்கும் ஒரு நண்பர். கம்பெனிகளில் மிஞ்சும் கட்டிங் தோலை எடைபோட்டு வாங்கி வந்து மணிபர்ஸ், பெல்ட், சாவிக்கொத்து, மூக்குக்கண்ணாடி உறை என்று செய்பவர். தோலின் விளிம்பை மெலிதாக்க ஒரு ஸ்கைவிங் மிஷின், சில தையல் மிஷின்கள், கைக்கு உதவியாகச் சிலர், அவ்வளவுதான் யூனிட். நான் கல்லூரியில் பாடம் எடுத்த காலத்துப் பழக்கம் என்பதால் அவருக்கு நான் இன்னும் சார், எனக்கு அவர் பாய்.

"பெங்களூர் பார்ட்டி ஒண்ணு சார். ரேட்டெல்லாம் பேசி முடிச்சாச்சு. கடைசில வெப்சைட் லிங்க் அனுப்புங்கன்னாரு. இல்லைன்னதும் அந்தாளு குரலே மாறிப்போச்சு. செலவில்லாம ஒண்ணு போட முடியுமா?"

முடியும் என்றுதான் எல்லா விளம்பரங்களும் சொல்கின்றன. நிரல் எழுதத் தெரிய வேண்டாம், சர்வர் வாடகை வேண்டாம், இழுத்துப் போட்டால் போதும், பத்து நிமிடத்தில் தளம் தயார் என்கின்றன. அப்படி ஒரு சேவையில் கணக்குத் தொடங்கினோம். எது என்பது முக்கியமில்லை. எல்லாம் ஏறக்குறைய ஒரே வார்ப்புதான்.

முதல் கேள்வியிலேயே சேவைக்கும் எங்களுக்கும் பிணக்கு. என்ன தொழில் என்று கேட்டு ஒரு பட்டியல் நீட்டியது. யோகா பயிற்சி இருந்தது, திருமணப் புகைப்படம் இருந்தது, நாய்க்கு முடி வெட்டும் நிலையம்கூட இருந்தது. தோல் இல்லை. கைவினை என்பதைத் தொட்டோம். உடனே ஒரு பக்கம் விரிந்தது: மரமேசை, மஞ்சள் வெளிச்சம், கான்வாஸ் ஏப்ரன் கட்டிய தாடிக்காரர் ஒருவர் கையில் ஊசியுடன் தியானத்தில் இருப்பதுபோலக் குனிந்திருக்கிறார். ஜன்னலுக்கு வெளியே ஏதோ இத்தாலிய மலை.

"இவரு யாரு சார்?"

"யாரோ. எடுத்துடலாம் பாய்."

அந்தத் தாடிக்காரரை எடுப்பது எளிதாக இருந்தது. அவர் இடத்தில் எதை வைப்பது என்பதில்தான் அந்தப் பத்து நிமிடம் பல மாலைகளானது. டியூப்லைட் அடியில் எடுத்த படங்களில் டான் நிறம் ஆரஞ்சாகத் தெரிந்தது. அடர் பிரவுன் கறுப்பாகிவிட்டது. தோல் வியாபாரத்தில் இது சின்ன விஷயம் இல்லை. படத்தில் ஒரு நிறம், பார்சலில் ஒரு நிறம் என்றால் சரக்கு திரும்பி வரும். காலை வெயில் ஏறுவதற்கு முன் மொட்டைமாடியில் வெள்ளை வேட்டியை விரித்து, அதன்மேல் ஒவ்வொன்றாக வைத்து எடுத்தோம். தோலின் நுண்வரிகள், மாட்டின் மேல் உண்ணி கடித்த தழும்பு, விளிம்பில் மெழுகு தேய்த்த பளபளப்பு எல்லாம் அப்போதுதான் விழுந்தன. தழும்பு தெரிகிற படத்தை எடுத்துவிடலாமா என்றேன். வேண்டாம் என்றார் பாய். தழும்பு இருந்தால்தான் அசல் தோல் என்று தெரிந்தவன் வாங்குவான். ரெக்சினில் தழும்பு வராது.

அடுத்தது, 'எங்களைப் பற்றி' பக்கம். இப்போதெல்லாம் அதையும் கருவியே எழுதிக் கொடுக்கிறது. ஊர், தொழில், பெயர் கொடுத்தால் போதும். எங்களுக்குக் கிடைத்தது, தலைமுறை தலைமுறையாகத் தொடரும் மரபு, சுற்றுச்சூழலுக்கு உகந்த உற்பத்தி, ஒவ்வொரு தையலிலும் அன்பு என்று மணக்க மணக்க ஒரு பத்தி. நான் சொல்ல நினைத்ததைப் பாயே சொல்லிவிட்டார்: "சுற்றுச்சூழல்னு போட்டா சர்டிபிகேட் எங்கேன்னு கேப்பாங்க சார்."

உண்மைதான். இந்தத் தொழிலில் சரக்கு வாங்கும் பையர் வலைத்தளத்தைத் திறப்பது அன்பைப் படிப்பதற்காக அல்ல. உடலில் படும் தோல் பொருளில் ஆறு இணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டினால் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்க முடியாது. 2015 மே மாதத்திலிருந்து இதுதான் அங்கே விதி. 2005-இல் தொடங்கிய லெதர் ஒர்க்கிங் குரூப் என்ற அமைப்பு, தோல் பதனிடும் தோல்ஷாப்புகளைத் தணிக்கை செய்து தரம் கொடுக்கிறது. பெரிய பிராண்டுகள் அந்தத் தரத்தைப் பார்த்த பிறகே பேச்சைத் தொடங்குகின்றன. கட்டிங் வாங்கிப் பர்ஸ் தைப்பவருக்கு அந்தச் சான்றிதழ் எதுவும் சொந்தமில்லை. எனவே கருவி எழுதிய பத்தியை அழித்துவிட்டு, அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தேன். ஷூ கம்பெனிகளில் மிஞ்சும் நல்ல தோலில் செய்வது. ஒரே நிறத்தில் மொத்தமாகக் கிடைக்காது. முதலில் சாம்பிள் அனுப்புவோம், பிடித்தால் ஆர்டர் கொடுங்கள். இதில் மூன்றாவதைத் தமிழ்நாட்டில் எவரும் எழுதுவார்கள். இரண்டாவதை எழுதத் துணிச்சல் வேண்டும். அந்தத் தளத்திலேயே உருப்படியான வரி அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

ஊரின் இயல்புப்படி மூன்று மொழியில் வைக்கலாம் என்றும் ஆசைப்பட்டோம். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வீட்டுக்குள் உருது, கடையில் தமிழ், பில்லில் ஆங்கிலம். தமிழ் மெனு இரண்டு வரியாக மடிந்து படத்தின்மேல் ஏறி உட்கார்ந்தது. எழுத்தைக் குறுக்கிச் சமாளித்தோம். உருது எழுதியபோது வார்ப்புரு கையை விரித்துவிட்டது. வலமிருந்து இடம் போக வேண்டிய வரி இடப்பக்கம் ஒட்டிக்கொண்டது, முற்றுப்புள்ளி தவறான முனைக்குப் போனது, நஸ்தலீக் எழுத்தின் சரிவெல்லாம் போய்ச் செய்தித் தலைப்பின் அரபு எழுத்துபோல விறைத்து நின்றது. கட்டணத் திட்டத்துக்கு மாறினால் கூடுதல் மொழி வசதி உண்டு என்று ஒரு பெட்டி மேலெழுந்தது. இலவசத்தின் எல்லை எங்கே என்பதை இந்தச் சேவைகள் பூட்டிய கதவாகக் காட்டுவதில்லை. சிரித்தபடி ஒரு பொத்தானாகக் காட்டுகின்றன.

கடைசியில் முகவரி. யூனிட்டின் பெயர், ஒரு புள்ளி, அதன் பிறகு சேவையின் பெயர். பாய் அதைச் சற்று நேரம் பார்த்தார்.

"இது நம்ம பேரா, அவங்க பேரா சார்?"

"முன்னாடி நம்ம பேரு. பின்னாடி அவங்க பேரு."

"அப்ப ஜாப் ஒர்க்தான்" என்றார்.

இதைவிடச் சரியாக இலவச வலைத்தளத்தை யாரும் வரையறுத்ததாக எனக்குத் தெரியவில்லை. உழைப்பு, படம், எழுத்து எல்லாம் நம்முடையது. பக்கத்தின் அடியில் ஓடும் விளம்பரப் பட்டையும் முகவரியின் வாலும் அவர்களுடையவை. பார்க்க வருகிற ஒவ்வொருவரிடமும் நாம் நம் சரக்கைக் காட்டுவதற்குள் அவர்கள் தங்கள் சரக்கைக் காட்டிவிடுகிறார்கள்.

இந்த ஏற்பாடு வலையின் தொடக்க நாட்களிலேயே வந்துவிட்டது. 1994-இல் அமெரிக்காவில் டேவிட் போனெட்டும் ஜான் ரெஸ்னரும் தொடங்கிய ஜியோசிட்டீஸ்தான் இதன் பெரிய முன்னோடி. இணையத்தையே ஒரு நகரமாக வகுத்து, ஹாலிவுட், டோக்கியோ, ஏதென்ஸ் என்று பேட்டைகள் பிரித்து, ஒவ்வொன்றிலும் கதவு எண் கொடுத்து, குடியேறுங்கள் என்றது. காசு கேட்கவில்லை. 1999-இல் யாஹூ அதை ஏறக்குறைய 360 கோடி டாலர் மதிப்புக்கு வாங்கியது. வாங்கிய சில மாதங்களில் புது விதிமுறை வந்தது: இங்கே நீங்கள் வைத்திருப்பதை எங்கள் விருப்பப்படி பயன்படுத்தும் உரிமை எங்களுக்கு உண்டு என்ற பொருளில். குடியிருந்தவர்கள் தங்கள் பக்கங்களைச் சாயம் போக்கிக் கலகம் செய்தார்கள், யாஹூ பின்வாங்கியது. பத்தாண்டு கழித்து, 2009 அக்டோபர் 26 அன்று நகரத்தையே மூடியது. ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் கூட்டம் ராப்பகலாக நகலெடுத்ததால் ஒரு பகுதி பிழைத்தது.

அந்த நகரத்தில் தமிழர்களும் குடியிருந்தார்கள். சுவிட்சர்லாந்தின் லோசானில் பணியாற்றிய வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரம், மயிலை எழுத்துருவை உருவாக்கியவர், தமிழ் நூல்களை மின்வடிவாக்க 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் முன்னோடிகளில் ஒருவர். அவருடைய தமிழ் மின்நூலகப் பக்கம் ஜியோசிட்டீஸின் ஏதென்ஸ் பேட்டையில்தான் இருந்தது. யூனிகோட் பரவாத காலம். பக்கத்தைத் திறப்பதற்கு முன் எழுத்துருவை இறக்கி நிறுவ வேண்டும். இல்லையென்றால் குறளுக்குப் பதில் கேள்விக்குறியும் பிரெஞ்சு எழுத்தும் தெரியும். அந்த நிலைமையில் தமிழுக்குக் காசு கொடுத்து இடம்பிடிக்க எந்த நிறுவனமும் முன்வந்திருக்காது. ஓசி இடம் இருந்ததால்தான் தனி மனிதர்கள் மாலை நேரத்தில் உட்கார்ந்து ஒரு மொழியை வலைக்கு ஏற்றினார்கள். இலவச சேவைகளை ஒரேயடியாகத் திட்டித் தீர்ப்பவர்களுக்கு இதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

இந்தியச் சிறு வியாபாரிகளின் முறை பின்னால் வந்தது. 2011 நவம்பரில் கூகுள் இந்தியா, மூன்றாண்டில் 5 லட்சம் சிறு, நடுத்தர நிறுவனங்களை இணையத்துக்குக் கொண்டுவருவோம் என்று அறிவித்தது. ஹோஸ்ட்கேட்டர் நிறுவனத்துடன் சேர்ந்து .இன் முகவரியும் தளமும் ஓராண்டுக்கு இலவசம் என்றார்கள். ஓராண்டு முடிந்ததும் பில் வரும் என்பது அந்த ஏற்பாட்டிலேயே இருந்தது. 2017 ஜனவரியில் சுந்தர் பிச்சை டெல்லிக்கு வந்தபோது இன்னும் எளிதான ஒன்றை அறிவித்தார். வரைபடத்தில் கடையைப் பதிந்திருந்தால் போதும். அந்த விவரங்களையே எடுத்துக் கைபேசியில் பார்க்கத் தோதான தளம் ஒன்றைக் கூகுள் தானாகக் கட்டித்தரும். ஆங்கிலத்தோடு இந்திய மொழிகளிலும் வைத்துக்கொள்ளலாம். அந்த ஆண்டே சேவை வந்தது. முகவரியின் வால் பிசினஸ்.சைட். பிரியாணிக் கடை, பல் மருத்துவமனை, செருப்புக் கடை என்று சின்னச் சின்ன இடங்களெல்லாம் அதில் ஏறின. பலருக்குத் தங்களுக்கு ஒரு வலைத்தளம் இருப்பதே தெரியாது என்கிற அளவுக்கு எளிது அது. விசிட்டிங் கார்டிலும் கடைப் பலகையிலும் அந்த முகவரியை அச்சடித்தவர்களும் உண்டு.

2024 மார்ச்சில் அது நின்றது. ஜூன் 10 வரை பழைய முகவரியைத் தட்டினால் வரைபடப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டார்கள். அதன் பிறகு அந்த முகவரிகளுக்கு உயிர் இல்லை. மார்ச்சு வருவதற்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லி முன்னறிவிப்பு கொடுத்தார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் அச்சடித்த கார்டுக்கும் எழுதிய பலகைக்கும் முன்னறிவிப்பு எப்படிப் போகும்? புறம்போக்கில் வீடு கட்டியவனுக்குக் கரண்ட் கனெக்ஷன் கிடைக்கலாம், வரி ரசீதுகூடக் கிடைக்கலாம், பட்டா கிடைக்காது.

கெட்ட அண்டைவீட்டுக்காரர் என்ற தொல்லையும் சேர்ந்தே வருகிறது. டோக்கலாவ் என்ற பசிபிக் தீவுக்கூட்டத்தின் .டிகே முகவரிகளை ஃப்ரீநாம் என்ற நிறுவனம் உலகம் முழுக்க இலவசமாக அள்ளிக் கொடுத்தது. ஏழை மாணவனும் எடுத்தான், ஏமாற்றுக்காரனும் எடுத்தான். போலி வங்கிப் பக்கங்கள் குவிந்தன. 2023-இல் மெட்டா வழக்குப் போட்டது. 2024 பிப்ரவரியில் முகவரி வியாபாரத்தையே விட்டு விலகுவதாக ஃப்ரீநாம் அறிவித்தது. பொதுவான வால் உள்ள எந்த இலவச முகவரிக்கும் இந்த ஆபத்து உண்டு. ஜெர்மனியில் ஒரு பையரின் அலுவலகக் கணினி அந்த வாலைப் பார்த்ததுமே எச்சரிக்கை காட்டினால், உள்ளே இருப்பது ஆம்பூர் மணிபர்ஸ் என்று யார் எடுத்துச் சொல்வது?

இவ்வளவும் வியாபாரக் கணக்கு. எனக்கு இதில் வேறொரு கவலையும் இருக்கிறது. உலகம் இந்தத் தோல் மண்டலத்தை எங்கே படிக்கிறது? சட்டம் படிக்கிற மாணவர் யாரைக் கேட்டாலும் 'வேலூர் குடிமக்கள் நல மன்றம்' என்ற வழக்கின் பெயரைச் சொல்வார். 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு அது. மாசு செய்தவரே ஈடுசெய்ய வேண்டும், கேடு வருமுன் தடுக்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உறுதியாக்கிய தீர்ப்பு. தோல்ஷாப்புகளுக்கு ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதமும் போட்டது. 2025 ஜனவரியில், பாலாறு இன்னும் மீளவில்லை என்று உச்சநீதிமன்றம் மறுபடி எழுத வேண்டிவந்தது. நடுவில், 2015 ஜனவரி 31 விடியலுக்கு முன், ராணிப்பேட்டை சிட்கோவில் கழிவுத்தொட்டிச் சுவர் உடைந்து உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். இவையெல்லாம் தீர்ப்புகளில் இருக்கின்றன, செய்தித்தாள்களில் இருக்கின்றன, அயல்நாட்டுத் தொண்டு நிறுவனங்களின் அறிக்கைகளில் இருக்கின்றன. எழுதப்பட வேண்டியவைதான், ஒன்றையும் மறுக்கவில்லை.

ஆனால் எல்லாமே வெளியிலிருந்து எழுதியவை. கம்பெனிகளின் வலைத்தளங்கள் என்று நான் பார்த்தவற்றில் மேலிருந்து எடுத்த கூரைப் படமும், சூரியத் தகடுகளும், சான்றிதழ் வரிசையும்தான். குரோம் டிரம்முக்குப் பக்கத்தில் முப்பது வருடம் நின்றவர், தோல் வெட்டும் கிளிக்கிங் மேசையில் ஒரு தோலில் எத்தனை ஜோடி விழும் என்று கண்ணால் அளப்பவர், கிணற்றுத்தண்ணீர் உவர்த்துப் போனதால் தென்னையை வெட்டிய விவசாயி, ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்ட காலத்தை நினைவில் வைத்திருக்கும் கிழவர் யாருக்கும் சொந்தமாக ஒரு பக்கம் இல்லை. ஷூவில் ஊரின் பெயரை எழுதாமல் விட்டது வியாபாரம். ஊரின் கதையையும் அடுத்தவர் எழுதட்டும் என்று விட்டதற்கு அந்தச் சாக்கு செல்லாது. அதற்கு வேண்டிய இடம் இப்போது ஓசியிலேயே கிடைக்கிறது. வேலூரில் கணினி படிக்கும் பிள்ளைகள் வேலை தேடும்போது தங்களைப் பற்றி ஒரு பக்கம் கட்டி கிட்ஹப்பில் இலவசமாக ஏற்றுகிறார்கள். அவர்களில் ஒருவர் தன் தாத்தா வேலை பார்த்த தோல்ஷாப்பைப் பற்றியும் ஒரு பக்கம் சேர்த்து ஏற்றலாம். செலவு ஒன்றும் இல்லை.

எனவே என் தீர்ப்பு இது. இலவச இடத்தைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். பெயரை மட்டும் இரவல் வாங்காதீர்கள். ஒரு .இன் முகவரிக்கு ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்குள்தான் ஆகிறது, ஒரு குடும்பம் ஆம்பூரில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிடும் காசு. .இந்தியா என்று தமிழிலேயே முடியும் முகவரியும் எடுக்கலாம். பிளாகர், கூகுள் சைட்ஸ், கிட்ஹப் பேஜஸ் போன்றவை இலவசக் கணக்கிலேயே சொந்தப் பெயரை இணைக்க விடுகின்றன. விடாத சேவை என்றால், பெயரைப் பதிந்த இடத்திலிருந்தே தட்டுகிறவரை இலவசப் பக்கத்துக்குத் திருப்பிவிடலாம். நாளைக்கு அந்தச் சேவை மூடினால் பக்கத்தை வேறு இடத்துக்கு மாற்றுவது ஓரிரு நாள் வேலை. கார்டை மாற்ற வேண்டியதில்லை. படங்களின் மூலத்தையும் எழுதிய வரிகளையும் தனியே ஒரு பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான இலவச சேவைகள் உள்ளே போட விடுவதுபோல வெளியே எடுக்க விடுவதில்லை.

பாய் பெயரை வாங்கிவிட்டார். பக்கம் இன்னும் அதே ஓசி இடத்தில்தான், அடியில் அந்த விளம்பரப் பட்டையோடு. பெங்களூர் பார்ட்டி லிங்க்கைத் திறந்து பார்த்துவிட்டு, கட்டிங் தோல் என்றால் விலை குறையுமே என்று பேரத்தை முதலிலிருந்து ஆரம்பித்தாராம்.

இன்னும் ஒன்று. முகவரியைப் பதியும்போது, கம்ப்யூட்டர் சென்டர் பையனின் மின்னஞ்சலையோ மைத்துனர் மகனின் கைபேசி எண்ணையோ கொடுத்துவிடாதீர்கள். புதுப்பிக்கச் சொல்லி வருகிற கடிதம் அந்த மின்னஞ்சலுக்குத்தான் போகும். அவர் துபாய்க்குப் போயிருப்பார்.